குளிர்ப்பெட்டியின் காவலாளி பழுதுற்றால் அறிவது எங்ஙனம்?

குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறக்கின்றோம். உள்ளே விளக்கு எரிகின்றது. கையிற் குளிர் படுகின்றது. அவ்வளவில் மனநிறைவு கொண்டு கதவைச் சாத்திவிடுகின்றோம். ஆயினும் விளக்கும் கையும் நம்பத்தக்க சாட்சிகள் அல்ல. வெளியே 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நிற்கும் நமக்கு, 10 பாகையும் குளிராகவே தோன்றும். 2 பாகையும் குளிராகவே தோன்றும். முன்னையதிற் பால் கெடும், பின்னையதிற் கெடாது. இவ்வேறுபாட்டை இரவும் பகலும் அறிந்து நடத்துவது, பெட்டியினுள் ஒரு மூலையில் அமர்ந்திருக்கும் சிறு கருவியொன்றே. அதற்கு வெப்பநிலைநிறுத்தி என்று பெயர்.

இக்கருவி பழுதுற்றால் நேரக்கூடியது யாது என்பதை நாம் அறிந்த ஒரு வீட்டில் நிகழ்ந்தது நன்கு உணர்த்தும். அவ்வீட்டு மூதாட்டி நீரிழிவு நோயாளர். நாள்தோறும் இன்சுலின் ஊசி ஏற்றுபவர். சில வாரங்களாக மருந்து தவறாது ஏற்றியும் அவருடைய குருதியிற் சீனியின் அளவு ஏறிக்கொண்டே சென்றது. உணவிற் கட்டுப்பாடில்லை என்று வீட்டார் அவரைக் கடிந்துகொண்டனர். ஒருநாட் காலை உயர்தர வகுப்பிற் பயிலும் பேரன் மருந்துக் குப்பியை எடுத்துப் பார்த்து, “அம்மம்மா, இது பனிக்கட்டியாய்க் கிடக்கிறதே!” என்று கூவினான். கீழ்த்தட்டிலிருந்த கீரையும் தக்காளியும் உறைந்திருந்தன. பெட்டி நன்றாகக் குளிர்கின்றது என்று எல்லோரும் மகிழ்ந்திருந்த நாட்கள் அவை. அவ்வின்சுலின் இரவில் உறைந்து பகலில் உருகி வலுவிழந்திருந்தது. மூதாட்டி மேற் குற்றம் யாதுமில்லை.

இன்னும் திறவாத இன்சுலின் 2 முதல் 8 பாகை வரையிற் பேணப்படல் வேண்டும். ஒருமுறை உறைந்தது, பின்னர் உருகித் தெளிவாகத் தோன்றினும், எறியப்படவேண்டியதே.

கருவி இயங்கும் முறை

வெப்பத்தைத் தானே ஆளும் கருவி புதியதன்று. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஒல்லாந்தரான கோர்நீலியஸ் திரெபல் என்பவர் முட்டை பொரிக்கும் அடுப்பொன்றின் சூட்டை இரசத்தின் விரிவினால் அடக்கி ஆண்டார். 1830இல் ஸ்கொத்லாந்து இரசாயன அறிஞர் அந்திரூ யூர், இரு உலோகங்களை ஒட்டிச் செய்த சட்டத்தால் வெப்பத்தை ஆளும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மாணவர்கள் பாடநூலிற் காணும் ஈருலோகச் சட்டம் இதுவேயாகும். ஒரு மீற்றர் நீளமுள்ள பித்தளைக் கோல் 100 பாகை சூடேறினால் ஏறத்தாழ 1.9 மில்லிமீற்றர் நீளும். உருக்குக் கோலோ ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றரே நீளும். இரண்டையும் ஒட்டிவிட்டால், மிகுதியாக நீள்வது வெளிப்புறமாகுமாறு சட்டம் வளையும். வளையும்பொழுது மின்சுற்றை முறிக்கும். நம் வீட்டு மின்னழுத்தி சூடேறியதும் தானே அணைவது இதனாலேயே.

பல குளிர்சாதனப் பெட்டிகளில் இத்தொழிலைச் செய்வது மெல்லிய செப்புக் குழாயொன்று. அதனுள் வாயு அடைக்கப்பட்டிருக்கும். குழாயின் நுனி, குளிரூட்டும் தகட்டோடு கவ்வியாற் பொருத்தப்பட்டிருக்கும். தகடு சூடேற வாயுவின் அமுக்கம் ஏறும். அது ஒரு மென்றகட்டைத் தள்ள, மின்னாளி மூடிக் கொம்பிரசர் ஓடும். தகடு குளிர அமுக்கம் குறையும், ஆளி திறக்கும், கொம்பிரசர் ஓயும். குமிழைத் திருப்பும்பொழுது நாம் மாற்றுவது, எந்தக் குளிரில் ஓயவேண்டும் என்னும் எல்லையை மட்டுமே. ஆதலின் குமிழை உச்சத்தில் வைத்தாற் பெட்டி விரைவாகக் குளிரும் என்று எண்ணுவது தவறு. அது நெடுநேரம் ஓடும், அவ்வளவே.

சோதனை

ஒரு கண்ணாடிக் குவளையில் நீர் நிரப்பி, அதனுள் வெப்பமானி ஒன்றை இட்டு, நடுத்தட்டில் இரவு முழுவதும் வைத்திருங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. அது உடற்சூட்டை அண்டிய அளவுகளையே காட்டும். காலையிற் கதவைத் திறந்தவுடன் அளவைப் பாருங்கள். 2 முதல் 4 பாகை வரை இருப்பின் நன்று. 5 பாகைக்கு மேல் ஏறினாற் பற்றீரியாக்கள் விரைந்து பெருகத் தொடங்கும். சுழியத்தை அடைந்து நீர் உறைந்தால் அதுவும் பிழையே.

அடுத்து, கதவு திறக்கப்படாத இரவு வேளையிற் கொம்பிரசரின் ஓசையைக் கடிகாரத்தோடு ஒத்துக் கேளுங்கள். அது சிறிது நேரம் ஓடிச் சிறிது நேரம் ஓய்தல் வேண்டும். இவ்விரு சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தாற் பழுது எங்குள்ளது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

முதலாவது, ஓயாது ஓடுகின்றது, மிகையாகக் குளிர்கின்றது. குமிழ் உச்சத்தில் இருந்தால் நடுவிற்குத் திருப்பி ஒருநாட் பொறுத்துப் பாருங்கள். அதன் பின்னும் மாறாவிடின் வெப்பநிலைநிறுத்தியையே ஐயுறவேண்டும். குமிழைச் சுழியத்திற்குத் திருப்பியும் ஓட்டம் நிற்கவில்லையெனின், உள்ளிருக்கும் ஆளி ஒட்டிக்கொண்டது என்று கொள்ளலாம். சுழியத்தில் நிற்குமாயின், செப்புக் குழாயின் நுனி கவ்வியிலிருந்து விலகியிருக்கக்கூடும்.

இரண்டாவது, ஓயாது ஓடுகின்றது, ஆயினும் குளிர் போதாது. இங்கே வெப்பநிலைநிறுத்தி மேற் பழி சுமத்தல் ஆகாது. அது ஓடுமாறு ஏவிக்கொண்டுதான் இருக்கின்றது. கதவின் இறப்பர்ப் பட்டியைப் பாருங்கள். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்தால் அது எளிதில் வரக்கூடாது. பின்புறக் கம்பிவலையிற் படிந்த தூசியையும், உள்ளே தடித்த பனிப்படலத்தையும், சுவரோடும் அடுப்போடும் பெட்டி நெருங்கி நிற்பதையும் கவனியுங்கள். இவை யாவும் செவ்வனே இருப்பின் வாயுக் கசிவு போன்ற பழுதாகலாம். அது திருத்துநரின் வேலை.

மூன்றாவது, விளக்கு எரிகின்றது, கொம்பிரசர் ஓடவில்லை. குமிழைச் சுழியத்திலிருந்து மெல்லத் திருப்புங்கள். ‘டிக்’ என்னும் ஓசை கேளாவிடின் வெப்பநிலைநிறுத்தி ஐயத்திற்குரியது. ஓசை கேட்டும் ஓடாவிடின் தொடக்கும் கருவியோ கொம்பிரசரோ பழுதாகலாம். பனி தானே உருகும் வகைப் பெட்டியாயின் அரைமணி நேரம் பொறுத்திருங்கள். பனியுருக்கும் வேளையில் அது ஓயவே செய்யும்.

நான்காவது, சில நிமிடங்களுக்கு ஒருமுறை முனகி, ‘டிக்’கென்று நின்றுவிடுகின்றது. இது பெரும்பாலும் மின்னழுத்தக் குறைவினாலோ தொடக்கும் கருவியின் பழுதினாலோ நேர்வது. உடனே பெட்டியை நிறுத்திவிடுங்கள். நிறுத்திய பெட்டியை மீளத் தொடக்குமுன் ஐந்து நிமிடமாவது பொறுத்தல் நன்று; உள்ளிருக்கும் அமுக்கம் சமப்பட அவ்வேளை வேண்டும்.

எல்லை கடவாதீர்

இதுவரை கூறியவை கண்ணாலும் காதாலும் செய்யும் சோதனைகள். மூடியைக் கழற்றிப் பார்த்தல் வேறு. பல பெட்டிகளில் வெப்பநிலைநிறுத்தியும் விளக்கும் ஒரே கூட்டினுள் உள்ளன. அங்கே 230 வோல்ற்று மின் உண்டு. செருகியைக் கழற்றாது அதனுட் கைவைத்தல் உயிருக்கு ஆபத்து. மாணவர்கள் இதனை மறக்கலாகாது. திருத்துநர் வந்து, செருகியைக் கழற்றிப் பல்மானியால் அதன் இரு முனைகளையும் அளந்து பார்ப்பார். பெட்டி சூடாயிருக்கக் குமிழைத் திருப்பியும் இணைப்புக் காணப்படாவிடின் கருவி பழுது என்பது உறுதி. புதிய பெட்டிகள் சிலவற்றிற் செப்புக் குழாய்க்குப் பதிலாக வெப்பத்தடையியும் மின்னணுப் பலகையும் உள்ளன. அவற்றில் ‘டிக்’ ஓசை கேளாது. உடன்வந்த கைந்நூலையே நாடவேண்டும்.

பெட்டி பழுதென்று கண்டவுடன் உணவைப் பற்றி எண்ணுங்கள். கதவு திறவாதிருப்பின் ஏறத்தாழ நான்கு மணி நேரம் குளிர் தங்கும். அதன்மேல், 5 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் இரண்டு மணி நேரத்திற்கு மேலிருந்த மீன், இறைச்சி, பால், தேங்காய்ப்பால் விட்ட சொதி ஆகியவற்றை உண்ணலாகாது. மணந்து பார்த்து முடிவு செய்தல் போதாது. நோய் தரும் பற்றீரியாக்கள் பல மணத்தையோ சுவையையோ மாற்றுவதில்லை.

நாம் முன்பு கூறிய வீட்டில் முதலில் வந்த திருத்துநர், பெட்டி ஓயாது ஓடுவதைக் கண்டு, கொம்பிரசரையே மாற்றவேண்டும் என்றார். உறையவைக்கும் அளவிற்குக் குளிரூட்டும் கொம்பிரசர் எங்ஙனம் பழுதாகும் என்று பேரன் வினவினான். அவர் சிறிது யோசித்துச் செருகியைக் கழற்றி, மூடியைத் திறந்து பார்த்தார். சில வாரங்களுக்கு முன் பெட்டியைக் கழுவியபொழுது செப்புக் குழாயின் நுனி கவ்வியை விட்டு நழுவியிருந்தது. தகட்டின் குளிரை அது உணரவேயில்லை. நுனியை மீண்டும் கவ்வியில் மாட்டியதோடு பழுது தீர்ந்தது. மூதாட்டிக்குப் புதிய மருந்து வாங்கினர். மருத்துவரிடமும் நிகழ்ந்ததைக் கூறினர். நடுத்தட்டில் வைத்த நீர்க்குவளையும் வெப்பமானியும் இன்றும் அவ்விடத்திலேயே உள்ளன. காலையில் அதனைப் பார்த்து அளவு சொல்லும் பொறுப்பை அம்மம்மாவே ஏற்றுக்கொண்டார்.