இபில் இபில் குழையும் ஆட்டின் கேடயப்போலிச் சுரப்பியும்

ஆடு வளர்ப்போருக்கு நட்டம் விளைவிக்கும் நோய்கள் பல. அவற்றுட் குடற்புழுவும் காய்ச்சலும் யாவரும் அறிந்தவை. ஆனால், வயிறு நிறையத் தீனி கொடுத்தும் ஆடு மெலிதல், மயிர் உதிர்தல், கழுத்திற் கழலை தோன்றுதல், குட்டிகள் மயிரின்றிப் பிறந்து இறத்தல் ஆகியவற்றின் காரணத்தை அறியாது, கண்ணூறு என்றும் செய்வினை என்றும் கருதுவோர் இன்றும் உளர். இக்குறைகளோடு தொடர்புடைய ஒரு சிறு சுரப்பியையும், அதன் தொழிலைத் தடுக்கும் தீனிகளையும், கமக்காரர் கைக்கொள்ள வேண்டிய முறைகளையும் இத்துண்டுப்பிரசுரம் விளக்கும்.

ஒரு வீட்டில் நிகழ்ந்தது

வரண்ட வலயத்துக் கிராமம் ஒன்றில் ஒரு தாய் 7 மறியாடுகளை வளர்த்து வந்தார். கோடையிற் புல் கருகிவிடுவதால், வேலியோரத்தில் இபில் இபில் நடுமாறு நானே அவருக்குக் கூறினேன். மரங்கள் நன்கு தழைத்தன; ஆடுகளும் குழையை விரும்பித் தின்றன. அடுத்த கோடை முழுவதும் அவர் அக்குழையன்றி வேறு தீனி கொடுக்கவில்லை. மறிகளின் முதுகில் மயிர் உதிர்ந்தது. வாயிலிருந்து நீர் வடிந்தது. பிறந்த 9 குட்டிகளில் 6 குட்டிகள் ஒரு கிழமைக்குள் இறந்தன. இறந்தவற்றிற் சிலவற்றின் கழுத்தில் எலுமிச்சங்காயளவு வீக்கம் காணப்பட்டது.

“நீங்கள் சொன்னபடிதானே தம்பி செய்தேன்” என்றார் அத்தாய். அவர் கூறியது முற்றிலும் மெய். நடும்படி சொன்ன நான், எவ்வளவு கொடுக்கலாம் என்பதைச் சொல்லாது விட்டேன். இன்னொருவர் கொட்டிலில் அந்நிலை நேராதிருத்தற் பொருட்டே இது எழுதப்படுகின்றது.

சுரப்பியும் அதன் தொழிலும்

தொண்டைக்குக் கீழே, மூச்சுக்குழாயை அணைத்தாற்போல் ஒரு சுரப்பி உண்டு. அது தைரொயிட்டுச் சுரப்பி எனப்படும். கேடயத்தை ஒத்திருத்தலின் கேடயப்போலிச் சுரப்பி எனவும் வழங்கும். இது மனிதருக்கும் ஆடு மாடுகளுக்கும் கோழிக்கும் பொதுவானது.

தீனியிலும் நீரிலும் உள்ள அயடீனை இச்சுரப்பி இரத்தத்திலிருந்து கவர்ந்து, அதனைக் கொண்டு ஓமோன்களை ஆக்குகின்றது. இச்சுரப்பியில் அயடீன் உண்டென்பதை 1895 ஆம் ஆண்டில் ஜேர்மன் அறிஞர் போமன் கண்டார். 1914 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கெண்டல், தைரொட்சின் என்னும் ஓமோனைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். தைரொட்சினில் 4 அயடீன் அணுக்கள் உள. உடலின் இழையங்களிலே அவற்றுள் ஒன்று நீக்கப்பட்டு, 3 அணுக்களுடைய வலிமை மிக்க ஓமோன் உண்டாகின்றது. இம்மாற்றத்தைச் செய்யும் நொதியங்களுக்குச் செலெனியம் என்னும் மூலகமும் வேண்டும்.

உண்ட உணவை விறகென்றும், உடலின் கலங்களை அடுப்பென்றும் கொள்வோம். விறகு எவ்வளவு விரைவாக எரிய வேண்டும் என்பதை நெறிப்படுத்துவது இந்த ஓமோனே. இவ்வாறு உணவு எரிந்து சத்தியாகவும் சூடாகவும் தசையாகவும் மாறுந் தொழிலை அனுசேபம் என்பர். ஓமோன் குறையின் விறகு நிறைய இருந்தும் அடுப்பு மந்தமாகவே எரியும். ஆடு சோர்வுறும், வளர்ச்சி தடைப்படும், பால் குறையும். வயிற்றிலுள்ள குட்டியின் மூளையும் மயிரும் செவ்வனே வளரா.

ஓமோன் குறைந்ததை மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி உணர்ந்து, கேடயப்போலிச் சுரப்பியை மேலும் வேலை செய்யுமாறு தூண்டும். ஓயாது தூண்டப்பட்ட சுரப்பி பருத்துவிடும். இதுவே கண்டக்கழலை.

ஓமோன் மிகுதலும் நன்றன்று. 1940 ஆம் ஆண்டையடுத்த காலத்தில், பாற்புரதத்தோடு அயடீனைச் சேர்த்து இவ்வோமோனைப் போலத் தொழிற்படும் ஒரு தீனியைச் சில நாடுகளிற் பசுக்களுக்குக் கொடுத்துப் பார்த்தனர். பால் கூடியது, ஆனால் பசுக்கள் மெலிந்தன. அத்தீனியை நிறுத்தியதும் பாலும் வீழ்ந்தது. அடுப்பை அளவுக்கு மேல் எரித்தால் வீட்டு விறகு தீரும் என்பதே இதனால் அறியப்படுவது.

இபில் இபில் செய்யும் கேடு

இபில் இபில் குழையிற் புரதம் மிகுதி. கோடையிலும் பசுமை மாறாது. ஆதலின் அது சிறந்த தீனியே. ஆயினும் அதில் மிமோசின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. மயிர் உதிர்தற்குக் காரணம் இதுவாகும். ஆட்டின் முதலிரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் மிமோசினை டி.எச்.பி. எனச் சுருங்க வழங்கும் வேறொரு பொருளாக மாற்றுகின்றன. அது சுரப்பியினுள் அயடீன் சேர்ந்து ஓமோனாவதைத் தடுத்துவிடும். எனவே, இக்கழலையை அயடீனைக் கூட்டிக் கொடுப்பதால் மட்டும் மாற்ற இயலாது. குழையைக் குறைத்தலே வழி.

ஹவாய்த் தீவிலுள்ள ஆடுகள் இக்குழையை மிகுதியாகத் தின்றும் கேடுறாதிருந்தன. அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் ரேமண்ட் ஜோன்ஸ் இதனை ஆராய்ந்து, அவ்வாடுகளின் முதலிரைப்பையில் டி.எச்.பி.யை அழிக்கும் பற்றீரியா உண்டெனக் காட்டினார். 1980 ஆம் ஆண்டையடுத்து அப்பற்றீரியா அவுஸ்திரேலிய மாடுகளுக்கு ஊட்டப்பட்டுப் பயன் தந்தது. 1992 ஆம் ஆண்டில் அதற்கு அவ்வறிஞரின் பெயரைத் தழுவியே பெயரிடப்பட்டது. நம் ஆடுகளின் வயிற்றில் அது போதிய அளவு உண்டென நம்பிக் குழையை அளவின்றிக் கொடுத்தல் தகாது.

கோவா இலையும் மரவள்ளியும்

மலைநாட்டிலே சந்தைக்குப் போகாத கோவா இலைகளைப் பசுக்களுக்குக் கொடுத்தல் வழக்கம். கோவா, முள்ளங்கி முதலியவற்றிலும் சுரப்பியின் தொழிலைத் தடுக்கும் பொருள்கள் உள. இவற்றைப் புல்லோடு கலந்து சிறிதளவே கொடுத்தல் வேண்டும்.

மரவள்ளியின் இலையும் கிழங்கும் நசுங்கும்போது சயனைட்டு நஞ்சு வெளிப்படும். சிறிதளவு நஞ்சை உடல் தயோசயனேற்றாக மாற்றிவிடும். அது சுரப்பி அயடீனைக் கவர்வதைத் தடுக்கும். இத்தடையை அயடீன் நிறைந்த உணவு பெரிதும் வெல்லும். மரவள்ளிக் குழையைப் பச்சையாகக் கொடாது, நறுக்கி வெயிலில் நன்கு உலர்த்திக் கொடுக்க. கிழங்கை மூடாத பானையில் அவிக்க வேண்டும் என நம் தாய்மார் கூறுவது தக்கதே. நஞ்சு ஆவியோடு வெளியேறிவிடும்.

கழலையா, தாடை வீக்கமா?

குடற்புழு மிகுந்த ஆட்டுக்கும் தாடையின் கீழ் வீக்கம் உண்டாகும். அவ்வீக்கம் நீர் கோத்து மென்மையாக இருக்கும். விரலால் அழுத்தினாற் குழி விழும். கண்ணிமையின் உட்புறம் வெளிறியிருக்கும். கழலையோ தாடைக்கும் கீழே, கழுத்தின் மேற்பகுதியில், மூச்சுக்குழாயை ஒட்டித் திரண்டிருக்கும்; அழுத்தினாற் குழி விழாது. ஐயமுண்டாயின் மிருக வைத்தியருக்குக் காட்டுக.

கமக்காரர் செய்ய வேண்டியவை

1. இபில் இபில் குழை நாளாந்தத் தீனியின் 10 பங்கில் 3 பங்குக்கு மேற்படலாகாது. சினையாடுகளுக்கு அதனினுங் குறைக்க.

2. எஞ்சிய பங்குக்குப் புல், பூவரசு, கிளுவை, முள்முருக்கு, பலா ஆகியவற்றின் குழையைக் கொடுக்க. வேலியில் ஒரே மரத்தை நடாது பலவற்றைக் கலந்து நடுக.

3. அயடீனும் செலெனியமும் அளவாகச் சேர்ந்த கனியுப்புக் கட்டியைக் கொட்டிலிற் கட்டித் தொங்கவிடுக.

4. மயிர் உதிர்தலோ வாய்நீர் வடிதலோ கண்டால் அன்றே இபில் இபில் குழையை நிறுத்துக. காலந் தாழ்த்தாது நிறுத்தின் பெரும்பாலும் ஆடு தேறும். மயிரும் மீள வளரும்.

5. கோழி, முயல், பன்றி ஆகியவற்றுக்கு இக்குழை மிகச் சிறிதளவே ஏற்கும்.

வீட்டார் நலம்

ஆட்டுக்குக் கூறியது வீட்டாருக்கும் பொருந்தும். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்கிரோகிராம் அயடீனும், கருவுற்ற தாய்க்கு 250 மைக்கிரோகிராமும் வேண்டும். கடலில் விளைந்த உப்பாயினும் அதில் இயல்பாயுள்ள அயடீன் மிகச் சிறிதே. முற்காலத்தில் இலங்கையின் ஈரவலய மாவட்டங்களிற் கழலை பெருகியிருந்தது. 1995 ஆம் ஆண்டில் உணவு உப்புக்கு அயடீன் சேர்த்தல் கட்டாயமாக்கப்பட்டது. அவ்வுப்பை மூடியுள்ள பாத்திரத்தில் வைத்து, சமையல் முடியுந் தறுவாயிற் சேர்க்க.

எனினும், சுரப்பியின் குறை யாவும் அயடீன் குறைவால் வருவதன்று. உடலின் காப்புத் தொகுதியே சுரப்பியைத் தாக்குதலாலும் அது வரும். பெண்களுக்கு மிகுதியாக வரும். ஓயாச் சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், காரணமின்றி உடல் பருத்தல், இரத்தத்திற் கொலத்திரோல் மிகுதல் ஆகியன அதன் குறிகள். இவற்றைக் கண்டால் உப்பைக் கூட்டி உண்ணாது, வைத்தியசாலை சென்று இரத்தத்தைச் சோதிப்பிக்க. உடல் மெலிவதற்கென இவ்வோமோன் மாத்திரைகளை வைத்தியர் சொல்லின்றி விழுங்குதல் இதயத்துக்குக் கேடு. பசுவுக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேரும்.

முன்னர்க் கூறிய தாய் இபில் இபில் மரங்களைத் தறித்துவிடவில்லை. அவற்றிடையே பூவரசும் கிளுவையும் நட்டார். மூன்று கட்டுக் குழை வெட்டினால் இபில் இபில் ஒரு கட்டுக்குக் குறைவாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டார். அடுத்த ஈற்றில் அவர் கொட்டிலிற் பிறந்த குட்டிகள் மயிர் நிறைந்து, பிறந்த அன்றே எழுந்து பால் குடித்தன. தீனி நல்லதா என்று கேட்பதோடு அமையாது, எவ்வளவு கொடுக்கலாம் என்றும் உங்கள் போதனாசிரியரிடம் தவறாது கேட்பீர்களாக.