புகைபோக்கி இல்லாத தொழில்

தொழிற்சாலை என்றதும் புகைபோக்கியே நம் நினைவுக்கு வருகிறது. 1960களில் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும், பூந்தமல்லியைக் கடந்து திருப்பெரும்புதூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலைப் பகுதியிலும் உள்ள மின்னணுக் கூடங்களில் அதனைக் காண்பது அரிது. குளிரூட்டப்பட்ட அறைகளும் தூசி படியாத தளங்களுமே அங்கு உண்டு. இத்தூய்மையைக் கண்டு, இத்தொழில் வளிமண்டலத்திற்குத் தீங்கற்றது என்று முடிவுசெய்தல் பொருந்தாது. இதன் உமிழ்வு வேறிடங்களில் நிகழ்கிறது.

மின்சுற்றுப் பலகையில் உறுப்புகளைப் பிணைக்கும் பற்றாசை உருக்க மின்உலை வேண்டும். ஈயம் கலந்த பழைய பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகும். ஈயம் நஞ்சென்பதால், மின்னணுப் பொருள்களில் அதனைக் கட்டுப்படுத்தும் விதி ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006இல் நடைமுறைக்கு வந்தது. ஏற்றுமதி செய்யும் கூடங்கள் ஈயமற்ற பற்றாசுக்கு மாறின. அவற்றுள் பெரிதும் வழங்கும் வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவை உருக ஏறத்தாழ 217 பாகை தேவை. பணியாளர் நலம் கருதினால் இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆயினும் உலையின் வெப்பம் கூடிற்று. உலைக்கும் குளிரூட்டிக்கும் வேண்டிய மின்சாரத்தை மின்தொகுப்பு தருகிறது. அத்தொகுப்புக்கு மின்சாரம் வழங்குவனவற்றுள் அத்திப்பட்டில் நிலக்கரியை எரிக்கும் வடசென்னை அனல்மின் நிலையமும் ஒன்று.

பலகையில் அமரும் சில்லுகளோ பெரும்பாலும் தைவான், தென்கொரியா முதலிய நாடுகளில் உருவாகின்றன. சிலிக்கன் வில்லையில் நுண்வடிவங்களை அரித்தெடுக்கவும், அவ்வினை நிகழும் கலன்களைத் தூய்மை செய்யவும் ஃபுளூரின் சேர்மங்கள் பயன்படுகின்றன. அவற்றுள் கார்பன் டெட்ராஃபுளூரைடு வளிமண்டலத்தில் ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் நிலைத்திருக்கும். ஒரு கிலோ நைட்ரஜன் டிரைஃபுளூரைடு, நூறாண்டுக் கணக்கில், 16,000 கிலோவுக்கும் மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடுக்கு இணையாக வெப்பமூட்டவல்லது. 1997ஆம் ஆண்டுக் கியோட்டோ நெறிமுறையில் இடம்பெறாத இவ்வாயு, 2012இல் தோகா திருத்தத்தின் வாயிலாகச் சேர்க்கப்பட்டது.

வியப்பு என்னவெனில், இவ்வாயுவே உமிழ்வைக் குறைக்கவும் துணைநின்றது. முன்பு கலன்களைத் தூய்மைசெய்த வாயுக்களில் பெரும்பகுதி வினைபுரியாமல் வெளியேறியது. இதுவோ பிளாஸ்மாவில் பெரும்பாலும் சிதைந்துவிடுகிறது. எஞ்சியதை எரித்து, நீரால் கழுவி அகற்றும் கருவிகளும் வந்தன. 2010ஆம் ஆண்டுக்குள் 10 விழுக்காடு குறைப்பதென 1999இல் உலகக் குறைக்கடத்தி மன்றம் உறுதிபூண்டது; எட்டியது 32 விழுக்காடு.

குஜராத்தின் தொலேராவில் சில்லு உற்பத்தி ஆலைக்கு 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. அத்தகைய ஆலைகள் இயங்கும்போது, இதுவரை அயல்நாடுகளில் வெளியேறிய இவ்வாயுக்கள் நம் நாட்டு உமிழ்வாகும். எரித்துக் கழுவும் கருவிகளுக்கு ஆலையை வரையும்போதே இடம் ஒதுக்குவது எளிது. இயங்கும் ஆலையில் அவற்றைப் பின்னர்ப் புகுத்துவது கடினம்.