கடல் கடந்து வரும் காசும் அதன் கணக்கும்



மக்காவைத் துறந்து ஹிஜ்ரத் புறப்பட்ட வேளையில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள், மக்காவாசிகள் தம்மிடம் ஒப்படைத்திருந்த அமானிதப் பொருள்களை உரியவர்களிடம் சேர்ப்பதற்காக அலீ (ரலி) அவர்களைப் பின்னே விட்டுச் சென்றார்கள். உயிருக்கே ஆபத்து சூழ்ந்திருந்த அந்தப் பயணத்திலும் பிறர் பொருளின் கணக்கு மறக்கப்படவில்லை. இன்று நம் மஹல்லாக்களிலிருந்து ரியாதுக்கும் துபாய்க்கும் குவைத்துக்கும் புறப்படும் இளைஞர்கள், பெட்டி கட்டுவதில் காட்டும் அக்கறையில் பாதியையேனும் தங்கள் வங்கிக் கணக்கில் காட்டுகிறார்களா என்று கேட்டால், இல்லை என்றே சொல்ல வேண்டியுள்ளது.

வேலைக்காக வெளிநாடு செல்பவர், 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, வெளிநாடு வாழ் இந்தியர் என்னும் நிலையை அடைகிறார். அதன்பின் ஊரில் வைத்திருந்த சாதாரணச் சேமிப்புக் கணக்கை அப்படியே தொடர்வது முறையன்று. வங்கிக்குத் தெரிவித்து அதனை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். வீட்டு வாடகை, நிலத்தின் குத்தகை போன்று ஊரிலேயே கிடைக்கும் வருமானம் சேர வேண்டிய இடம் அது. அயல்நாட்டில் ஈட்டியதை அனுப்புவதற்கு என்.ஆர்.இ. கணக்கு என்று வேறொன்று உண்டு. அதில் உள்ள தொகையை எப்போது வேண்டுமானாலும் தடையின்றி மீண்டும் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லலாம். என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்தோ, உரிய வரியைச் செலுத்திய பின் நிதியாண்டு ஒன்றுக்கு 10 லட்சம் டாலர் வரைதான் அனுப்ப இயலும். என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை என்பதை வங்கியினர் பெரிதாக எடுத்துரைப்பார்கள். வரி இல்லை என்பதால் வட்டி ஆகுமாகிவிடாது. வட்டியே சேராத நடப்புக் கணக்காகவும் என்.ஆர்.இ. கணக்கைத் தொடங்க முடியும் என்பதை அவர்கள் சொல்லமாட்டார்கள். நீங்கள்தாம் கேட்க வேண்டும்.

இனி அனுப்பும் முறைக்கு வருவோம். ஒரு காலத்தில் நம் ரூபாயே வளைகுடாவின் சில நாடுகளில் செலாவணியாக இருந்தது. அந்நாடுகளுக்கெனவே 1959இல் ரிசர்வ் வங்கி தனி நோட்டுகளை அச்சிட்டது. ஹாஜிகளுக்கும் தனி நோட்டு இருந்தது. அந்நாடுகளுள் சில முன்னரே விலகியிருந்தன; 1966இல் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டபின் எஞ்சியவையும் விலகிக்கொண்டன. இன்று சவூதி ரியால் டாலருக்கு 3.75 என்று 1986 முதலும், அமீரகத் திர்ஹம் 3.6725 என்று 1997 முதலும் நிலைநிறுத்தப்பட்டுள்ளன. ஆகவே ரியால் ஏறியது, திர்ஹம் இறங்கியது என்று நாம் பேசிக்கொள்வதெல்லாம் உண்மையில் டாலருக்கு எதிரே ரூபாய் ஏறி இறங்குவதுதான்.

பணம் அனுப்பும் நிலையங்கள் கட்டணத்தைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கும். இலாபமோ மாற்று விகிதத்துக்குள் மறைந்திருக்கும். ஓரிடத்தில் கட்டணமே இல்லை, ஆனால் ரியாலுக்கு 20 பைசா குறைவாகத் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,000 ரியால் அனுப்பினால் 400 ரூபாய் போய்விடும். எனவே, "இத்தனை ரியால் கொடுத்தால் வீட்டில் எத்தனை ரூபாய் கிடைக்கும்?" என்ற ஒரே கேள்வியை இரண்டு, மூன்று இடங்களில் கேட்டுப் பாருங்கள். விகிதம் இன்னும் ஏறட்டும் என்று வீட்டுச் செலவுக்கான பணத்தை நிறுத்தி வைப்பது மட்டும் வேண்டாம். கடைக்காரரிடம் கடன் சொல்லி அரிசி வாங்கும் மனைவிக்கு அந்தக் காத்திருப்பால் ஆவது ஒன்றுமில்லை.

உண்டியலைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவுறாது. ஹவாலா என்பது ஃபிக்ஹு நூல்களில் தனிப் பாடமாகவே உள்ளது. ஒருவர் தம் கடனை வேறொருவர் பொறுப்பில் மாற்றிவிடுவதே அது. அந்தப் பெயரைக் காட்டி, "மார்க்கத்தில் உள்ளதுதானே" என்று உண்டியலை நியாயப்படுத்துவோர் உண்டு. பெயர் ஒன்றாயினும் செயல் ஒன்றன்று. அனுமதி பெறாத ஆள் வழியே செலாவணி மாற்றுவதை நாட்டின் சட்டம் தடுத்துள்ளது. சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மும்மடங்கு வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

சட்டத்தையும் விடுங்கள். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாயாருக்கு அவருடைய மகன் உண்டியல்காரர் மூலம் பணம் அனுப்பினார். முன்பின் அறியாத எவரோ ஒருவரின் கணக்கிலிருந்து அது அவர் கணக்கில் வந்து சேர்ந்தது. சில வாரங்களுக்குப் பின் மருந்து வாங்கப் பணம் எடுக்கச் சென்றபோது கணக்கு முடக்கப்பட்டிருந்தது. வந்த தொகை, வேறு மாநிலத்தில் யாரையோ ஏமாற்றிப் பறித்த பணமாம்! "மகன் அனுப்பியது" என்று அந்த அம்மையார் சொன்னார். அதற்குத் துண்டுச் சீட்டுகூடக் கையில் இல்லை. சில நூறு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் என்று போய், மாதக்கணக்கில் அவர் அலைந்தார்.

சீட்டைப் பத்திரப்படுத்துங்கள் என்பது அதிகாரிகளுக்காக மட்டுமன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் விரிவாகப் பணிக்கிறது. ஆனால் அண்ணன் தம்பிக்கிடையே எழுதுவதை நாம் அவமதிப்பாக நினைக்கிறோம். பதினைந்து ஆண்டுகள் அனுப்பிய பணத்தில் ஊரில் மனை வாங்கப்படுகிறது. பத்திரம் வாப்பா பெயரிலோ காக்கா பெயரிலோ பதிவாகிறது. அவர் மறைந்தபின் அது வாரிசுகள் அனைவருக்கும் உரிய சொத்தாகிவிடுகிறது. அனுப்பியது அன்பளிப்பா, கடனா, தமக்காக மனை வாங்கச் சொல்லிக் கொடுத்த அமானிதமா என்று அப்போது கேட்டால் யார் விடை சொல்வது? அனுப்பும்போதே ஒரு வரி எழுதி, இரு தரப்பாரும் வைத்துக்கொண்டால் போதும்.

என்.ஆர்.இ. கணக்கில் ஊரிலுள்ள மனைவியையோ பெற்றோரையோ இரண்டாம் பெயராகச் சேர்க்கலாம். ஆயினும் கணக்குக்குரியவர் உயிரோடுள்ளவரை அவர்கள் அதிகாரப் பத்திரத்தின் பேரிலேயே அதை இயக்க முடியும்; அவர் காலத்துக்குப் பின்னரே முழு உரிமையுடன் கையாள இயலும். நியமனதாரர் என்று ஒருவர் பெயரைக் குறிப்பிடுகிறோமே, அவர் வங்கியிடமிருந்து தொகையைப் பெற்றுக்கொள்பவரே தவிர, அதற்குச் சொந்தக்காரர் அல்லர். அத்தொகை ஃபராயிள் முறைப்படி வாரிசுகள் அனைவருக்கும் உரியது. 2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரை நியமிக்கவும் வழி செய்யப்பட்டுள்ளது.

உம்ரா, ஹஜ் செல்வோர் குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்ட ரொக்கத்தைச் சவூதியில் இறங்கியதும் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். அங்குள்ள கடைகளில் அட்டையைத் தேய்க்கும்போது, ரூபாயிலா ரியாலிலா என்று இயந்திரம் கேட்டால் ரியாலையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் அந்த வியாபாரியின் வங்கி தனக்கேற்ற விகிதத்தைப் போட்டுவிடும்.

வங்கியில் பதிவான இந்திய அலைபேசி எண்ணை உயிரோடு வைத்திருங்கள்; அல்லது அயல்நாட்டு எண்ணைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த எண் செயலிழந்தால் ஒருமுறைக் கடவெண் வராது, கணக்கும் கைக்கெட்டாது. இரண்டு ஆண்டுகள் எவ்வித வரவு செலவும் செய்யாவிட்டால் கணக்கு செயலற்றதாகிறது. பத்து ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தால் தொகை ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் நிதிக்கு மாற்றப்படுகிறது. அப்போதும் உரிமை போய்விடுவதில்லை. 2023இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய உத்கம் தளத்தில், இறந்தவரின் பெயரையும் பிறந்த தேதி அல்லது பான் எண் போன்ற விவரத்தையும் கொடுத்துத் தேடினால், எந்த வங்கியில் தொகை உள்ளது என்று தெரியவரும். பின்னர் அந்த வங்கிக்கே சென்று உரிய ஆவணங்களைக் காட்டி வாரிசுகள் பெற்றுக்கொள்ளலாம். வாப்பா எங்கோ கணக்கு வைத்திருந்தார் என்று கேள்விப்பட்டதோடு விட்டுவிட்ட குடும்பத்தார், ஒருமுறை அதில் தேடிப் பார்க்கட்டும்.