சிலம்பும் சிம் அட்டையும்

ஒருவர் இன்னார்தான் என்று அறிவது எப்படி? வாணிகம் தோன்றிய நாள் முதலே இருந்துவரும் கேள்வி இது. அக்காலத்தில் முகம் பார்த்துக் கடன் கொடுத்தோம். உண்டிக்குக் கையெழுத்தும் சாட்சியும் பார்த்தோம். இன்று வங்கிக்கு நம்ம முகம் தெரியாது. கைப்பேசி எண்தான் தெரியும். அந்த எண்ணுக்குச் சாட்சி சொல்வது விரல்நகம் அளவுள்ள சிம் அட்டை. அந்தச் சாட்சியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை நம் சங்கத்து அன்பர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிலம்பு சொன்ன சாட்சி

சமணர்களாகிய நாங்கள் உரிமையோடு போற்றும் இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தில் இதற்கு நல்ல உவமை இருக்கிறது. கோவலன் கையிலிருந்த சிலம்பும் அரசியின் சிலம்பும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருந்தன. பொற்கொல்லன் சொல்லை நம்பினான் பாண்டியன். கோவலன் உயிர் போயிற்று. அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம். உள்ளிருந்த பரலே உண்மை அடையாளம். ஆனால் அதைக் காட்டக் கண்ணகி சிலம்பை உடைக்க வேண்டியதாயிற்று. உடைக்காமலேயே உள்ளிருக்கும் பரலை மெய்ப்பிக்க வழியுண்டா? உண்டு. சிம் அட்டை செய்வது அதைத்தான்.

உடைக்காமல் காட்டும் பரல்

சிம் என்பது உண்மையில் ஒரு சிறு கணினி. அதனுள் 15 இலக்க அடையாள எண் ஒன்று உண்டு. இந்திய அட்டைகளில் அது 404 அல்லது 405 என்று தொடங்கும். கூடவே 128 பிட் நீளமுள்ள ரகசியத் திறவுகோல் ஒன்றும் உண்டு. இருக்கக்கூடிய திறவுகோல்கள் எத்தனை என்று எழுதப் போனால் 39 இலக்க எண் வரும். இத்திறவுகோல் இரண்டே இடங்களில்தான் இருக்கும்: அட்டைக்குள் ஒன்று, தொலைபேசி நிறுவனத்தின் சரிபார்ப்பு மையத்தில் ஒன்று.

கைப்பேசி அடையாள எண்ணைச் சொன்னதும், நிறுவனம் குத்துமதிப்பாக ஏதோ ஓர் எண்ணைத் தேர்ந்து அனுப்புகிறது. சிம் அதைத் தன் திறவுகோலோடு கலந்து கணக்கிட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்பும். மையமும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். இரண்டும் ஒத்தால் இணைப்பு. திறவுகோல் அட்டையை விட்டு வெளியே வருவதே இல்லை. அடுத்த முறை கேள்வி மாறிவிடும். ஆகவே வழியில் ஒட்டுக்கேட்டவனுக்குப் பழைய விடையால் பயனில்லை.

குறைகளும் இருந்தன. 1998-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், அன்று பல நிறுவனங்கள் கையாண்ட ஒரு கணக்கு முறையில் ஓட்டை கண்டு, அட்டையிடம் சுமார் 1,50,000 கேள்விகள் கேட்டுத் திறவுகோலையே கண்டுபிடித்துக் காட்டினார்கள். அதன்பின் வலுவான முறைகள் வந்தன. மூன்றாம் தலைமுறை முதல், நிறுவனமும் தன்னை அட்டைக்கு மெய்ப்பிக்க வேண்டும் என்றாயிற்று.

வங்கி கேட்கும் சாட்சி

இங்கேதான் கவனம் வேண்டும். வங்கி சிம் அட்டையோடு நேரடியாகப் பேசுவதில்லை. தொலைபேசி நிறுவனத்தின் சொல்லை ஏற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். 2016-இல் வந்த யு.பி.ஐ. முறையைப் பாருங்கள். செயலியைப் பதியும்போது நம் கைப்பேசியிலிருந்தே ஒரு குறுஞ்செய்தி தானாகப் போகிறது. அனுப்பியவர் எண் இது என்று குறிப்பது தொலைபேசி வலையமைப்பு. அந்த எண்ணுக்குரிய கணக்கை வங்கி தேடி எடுத்து, எண்ணையும் கருவியையும் பிணைத்துவிடுகிறது. அதன்பின் பணம் அனுப்ப நம் மனத்தில் உள்ள பின் எண். சிக்பேட்டையில் பூ விற்கும் அம்மாவின் கட்ட அட்டை வரை இன்று பணம் போவது இந்தப் பிணைப்பை நம்பித்தான்.

ஓ.டி.பி. வேறு வகை. இணையத்தில் வங்கி அட்டை கொண்டு வாங்குவோருக்குக் கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமாக்கியது. காலப்போக்கில் குறுஞ்செய்தி ஓ.டி.பி.யே வழக்கமாயிற்று. சிம்முக்குள் உள்ள ரகசியத்தை நாமே நினைத்தாலும் பிறருக்குச் சொல்ல முடியாது. ஓ.டி.பி.யையோ யாராவது போனில் மிரட்டிக் கேட்டால் படக்கென்று சொல்லிடுறோம்! பரலை எடுத்து நாமே திருடன் கையில் கொடுப்பது போலத்தான் இது.

சாட்சி பிறழும் இடம்

புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று துணிவதைத் தர்க்க நூலார் அனுமானம் என்பர். வங்கி செய்வதும் அதுவே: அட்டையைக் கொண்டு எண்ணையும், எண்ணைக் கொண்டு ஆளையும் அனுமானிக்கிறது. போலிச் சான்றுகளைக் காட்டி, அட்டை தொலைந்துவிட்டது என்று ஒருவன் நம் எண்ணுக்கு மாற்று அட்டை வாங்கினால் என்னாகும்? புதிய அட்டையின் திறவுகோல் வேறு. ஆனால் நம் எண் அதனோடு சேர்ந்துவிடும். நம் அட்டை செத்துவிடும். கணிதம் தோற்கவில்லை, கடைக்காரர் ஏமாந்தார். பொற்கொல்லன் சொல்லைப் பாண்டியன் நம்பிய கதைதான்.

இதனால்தான் மாற்று அட்டைக்கு முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வசதியை நிறுத்தும்படி தொலைத்தொடர்புத் துறை 2022-இல் ஆணையிட்டது. அட்டை மாற்றிய 7 நாளுக்குள் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றக் கூடாது என்ற டிராய் விதி 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் பதிவின்போது ஒரே முறை எண்ணைச் சரிபார்த்தால் போதும் என்பதால், இந்திய எண்ணைக் காட்டி வெளிநாட்டிலிருந்து மோசடி செய்தார்கள். கருவிக்குள் அந்த அட்டை இருந்தால்தான் செயலி இயங்க வேண்டும் என்று அத்துறை 2025 நவம்பரில் பணித்தது இதற்காகவே.

நாம் செய்யக் கூடியவை

1. சிம்முக்கே பூட்டு எண் போட்டுக்கொள்ளுங்கள். போனைத் திருடியவன் அட்டையை வேறு கருவியில் போட்டு ஓ.டி.பி. வாங்க முடியாது. 3 முறை தவறினால் அட்டை பூட்டிக்கொள்ளும். திறக்க வேண்டிய எண் நிறுவனத்திடம் கிடைக்கும்.

2. காரணமின்றி சிக்னல் போய்விட்டால் வேறு போனிலிருந்து நிறுவனத்தையும் வங்கியையும் உடனே அழையுங்கள். பணம் போயிருந்தால் 1930.

3. உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம்.

4. வங்கிக் கணக்கில் கொடுத்த எண்ணைக் கைவிடும் முன், வங்கியில் எண்ணை மாற்றிவிடுங்கள். கைவிட்ட எண் நாளை வேறொருவருக்குப் போய்ச் சேரும்.

சிம் அட்டை பொய் சொல்லாது. ஆனால் அது சொல்வது, ‘இந்த அட்டை இங்கே இருக்கிறது’ என்ற ஒன்றை மட்டுமே. அட்டையைப் பிடித்திருப்பவர் யார் என்பது அதற்குத் தெரியாது. அந்த மிச்சப் பொறுப்பை நிறுவனமும் வங்கியும் நாமும் பங்கிட்டுச் சுமக்க வேண்டும் என்பதே என் துணிபு.