பழைய காரின் நடுக்கம்: சோதித்த பின் செலவு செய்வோம்

1948 இல் வெளிவரத் தொடங்கிய மொறிஸ் மைனர் கார்கள் எமது வீதிகளில் நீண்டகாலம் உழைத்தவை. நாம் பாவித்த அத்தகைய காரொன்று 40 மைல் வேகத்தில் நடுங்கியது. முன்சில்லுகளுக்குப் புது ரயர்கள் போட்டோம். பணம் போயிற்று, நடுக்கம் போகவில்லை.

முதலில் சோதிக்க வேண்டும். வெறுமையான நேர்வீதியில், நடுங்கும் வேகத்தில், எஞ்சினை நிறுத்தாது கியரை நியூற்றலுக்கு மாற்றி உருளவிடுங்கள். நடுக்கம் உடனே நின்றால், எஞ்சினையும் அதைத் தாங்கும் றப்பர்களையும் பாருங்கள். நில்லாவிடின், பெரும்பாலும் குறை சில்லுகளில் அல்லது பின்னச்சைச் சுழற்றும் நீண்ட தண்டில் இருக்கும்.

ஸ்ரியறிங் நடுங்கினால் முன்சில்லுகளில் றிம் நெளிவு, ரயர் வீக்கம், நிறைச் சமநிலை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஆசனமும் தரையும் நடுங்கினால் பின்சில்லுகளையும் தண்டின் மூட்டுக்களையும் பார்க்க வேண்டும்.

எமது காரில் நடுங்கியது தரையே. சில்லுகளுக்கு அணைகொடுத்து, மூட்டின் இருபுறத்தையும் பிடித்து எதிரெதிராகத் திருகினோம், ஆட்டம் தெரிந்தது. கிறீஸ் இன்றி உள்ளிருந்த ஊசி உருளைகள் தேய்ந்திருந்தன. தண்டைக் கழற்றுமுன் இணையும் இடத்தில் அடையாளமிட்டு, அதன்படியே திரும்பப் பூட்டினோம். அச்சமநிலை குலைந்தால் புது நடுக்கம் பிறக்கும்.

மூட்டை மாற்றியதும் நடுக்கம் நின்றது. சோதனைக்குச் செலவானது அரைமணி நேரமே. அதை முதலிலேயே செய்திருந்தால் ரயர்க்காசு விதைநெல்லுக்கு உதவியிருக்கும்.