திறன்பேசியில் ஓடும் காணொளி, கணினியில் ஏன் திணறுகிறது?

திட்டப்பணிக்காகத் தாத்தா பாட்டியைப் பேட்டி கண்டு திறன்பேசியில் பதிவுசெய்கிறீர்கள். பேசியில் போட்டுப் பார்த்தால் படமும் குரலும் தெளிவாக இருக்கின்றன. அதே காணொளியைக் கணினிக்கு மாற்றித் தொகுப்பு மென்பொருளில் திறந்தால், திரை கறுப்பாக இருக்கிறது. குரல் மட்டும் கேட்கிறது. சிலருக்குப் படம் விட்டு விட்டு ஓடும். வேறு சிலருக்குத் தொடக்கத்தில் எல்லாம் சரியாக இருந்து, பத்து நிமிடம் போனதும் உதட்டசைவு ஒன்றாகவும் குரல் வேறாகவும் பிரிந்துவிடும். ஒப்படைக்கும் நாளோ மறுநாள்.

பதற்றத்தில் பலர் செய்வது மூன்று. ஏதோ ஓர் இணையத்தளத்திலிருந்து முன்பின் தெரியாத ‘கோடெக்’ தொகுப்பைப் பதிவிறக்குவது. மடிக்கணினியே சரியில்லை என்று முடிவு கட்டுவது. கோப்பை அழித்துவிட்டு மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பது. முதலாவது நச்சுநிரலுக்குக் கதவைத் திறந்துவிடலாம். இரண்டாவது வீண்செலவில் முடியலாம். மூன்றாவதுதான் ஆகக் கொடியது. பள்ளி ஆண்டு விழாவும் பிரியாவிடை நிகழ்ச்சியும் திரும்ப நடக்கப்போவதில்லை. ஒரு மூதாட்டி தம் இளமைக்காலத்தைப் பற்றி மனம்விட்டுப் பேசிய பேச்சை அதே உணர்வோடு மறுபடியும் பேசச் சொல்ல முடியாது.

நல்ல செய்தி என்னவென்றால், இத்தகைய கோப்புகளில் பெரும்பாலானவை பழுதடைந்தவை அல்ல. கோளாறின் அறிகுறியே அதன் காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மூலக் கோப்பே முதல்

எந்தச் சோதனையையும் தொடங்குமுன் மூலக் கோப்புக்கு ஒரு நகல் எடுங்கள். இறுதிப் படைப்பை ஒப்படைக்கும்வரை திறன்பேசியில் உள்ளதை அழிக்காதீர்கள்.

கணினிக்கு மாற்றும் வழியும் முக்கியம். வாட்ஸ்அப்பில் சாதாரணக் காணொளியாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத் தரம் குறைந்துவிடும். கம்பிவழி இணைப்பு, ஏர்டிராப், கூகல் டிரைவ் போன்றவை மூலக் கோப்பை அப்படியே கொண்டுசேர்க்கும். டெலிகிராமில் அனுப்புவதென்றால் ‘கோப்பு’ என்ற தெரிவின்கீழ் அனுப்புங்கள்.

ஐபோனிலிருந்து விண்டோஸ் கணினிக்குக் கம்பிவழி மாற்றும்போது பாதியில் நின்றுபோனால், ஐபோனின் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘ஃபோட்டோஸ்’ பக்கத்துக்குச் செல்லுங்கள். அங்கே ‘டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி’ என்பதன்கீழ் ‘கீப் ஒரிஜினல்ஸ்’ என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். விரலியில் கோப்பை ஏற்ற முடியவில்லையா? பழைய எஃப்ஏடி32 முறையில் அமைக்கப்பட்ட விரலி, 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. எக்ஸ்எஃப்ஏடி முறையில் அமைத்தால் ஏற்கும். ஆனால் அப்படி மாற்றி அமைக்கும்போது விரலியில் இருப்பவை அனைத்தும் அழிந்துவிடும் என்பதை மறவாதீர்கள்.

டிபன் கேரியரும் அதற்குள் இருக்கும் உணவும்

கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் எம்பி4, எம்ஓவி போன்றவை வெறும் உறைகளே. டிபன் கேரியரை வெளியிலிருந்து பார்த்து உள்ளே சோறா இட்லியா என்று சொல்ல முடியாது. அதைப்போலத்தான் இதுவும். உள்ளே இருக்கும் படம் எந்த முறையில் சுருக்கப்பட்டுள்ளது என்பதே முக்கியம். அந்தச் சுருக்க முறையைத்தான் ‘கோடெக்’ என்கிறோம்.

சுருக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1080பி காணொளியின் ஒரு சட்டகத்தில் 1,920 பெருக்கல் 1,080, அதாவது ஏறத்தாழ 20.7 லட்சம் படப்புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளிக்கு 3 பைட், வினாடிக்கு 30 சட்டகம் என்றால், ஒரு நிமிடக் காணொளிக்கு ஏறக்குறைய 11 கிகாபைட் தேவைப்படும். ஆனால் ஐபோன் அதே ஒரு நிமிடத்தை ஏறத்தாழ 60 மெகாபைட்டில் அடக்கிவிடுகிறது. கிட்டத்தட்ட 190 மடங்கு சுருக்கம்!

நீண்ட காலமாக இந்த வேலையைச் செய்துவந்தது 2003ல் வெளிவந்த எச்.264 முறை. 2013ல் எச்.265 வந்தது, ஹெச்இவிசி என்பதும் இதுவே. ஏறத்தாழ அதே தரத்தைப் பாதி அளவில் தருவதே இதன் நோக்கம். 2017ல் ஐஓஎஸ் 11 வெளியானதிலிருந்து, ஐபோன் 7 முதற்கொண்டு வந்த பேசிகள் வழக்கமாக இம்முறையிலேயே படம் பிடிக்கின்றன. பேசியின் சேமிப்பிடத்துக்கு இது வரம். பழைய மடிக்கணினிக்குச் சுமை.

இவ்வளவு சுருக்கம் எப்படிச் சாத்தியமாகிறது? ஒவ்வொரு சட்டகமும் முழுப் படமாகச் சேமிக்கப்படுவதில்லை. இடையிடையே மட்டும் ஒரு முழுப் படம் இருக்கும். மற்றவற்றில், முன்பின் சட்டகங்களிலிருந்து எது மாறியது என்ற குறிப்பு மட்டும் இருக்கும். தொடர்ந்து பார்ப்பதற்கு இது போதும். ஆனால் தொகுப்பவர் நடுவில் ஓர் இடத்தைச் சொடுக்குவார், பின்னோக்கிப் போவார், இரண்டு காட்சிகளை வெட்டி ஒட்டுவார். ஒவ்வொரு முறையும் கணினி முந்தைய முழுப் படத்துக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து எல்லாவற்றையும் மீண்டும் கணக்கிட்டுவர வேண்டும். விஎல்சியில் தடையின்றி ஓடும் காணொளி தொகுப்பு மென்பொருளில் திணறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உங்கள் கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய, விஎல்சியில் அதைத் திறந்து ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘கோடெக் இன்ஃபர்மேஷன்’ என்பதைச் சொடுக்குங்கள். ‘மீடியாஇன்ஃபோ’ என்ற இலவச மென்பொருள் இன்னும் விரிவாகச் சொல்லும். கோடெக், சட்டக வேகம், வண்ண ஆழம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இனி அறிகுறிகளைப் பார்ப்போம்.

படம் கறுப்பு, குரல் மட்டும்

மென்பொருளுக்கு அந்தக் கோடெக் தெரியவில்லை என்பதே இதன் பொருள். விண்டோஸ் கணினிகள் சிலவற்றில் ஹெச்இவிசி வசதி முன்கூட்டியே இருப்பதில்லை. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் அதற்கான நீட்டிப்பு சிறு கட்டணத்துக்குக் கிடைக்கிறது. ஷாட்கட், கேடென்லைவ் போன்ற இலவசத் தொகுப்பு மென்பொருள்கள் தங்களுக்குத் தேவையான கோடெக்குகளைத் தாங்களே கொண்டுவருவதால், அவற்றில் முயன்று பார்ப்பது செலவில்லாத வழி. அதுவும் சரிவரவில்லை என்றால் கோப்பை எச்.264க்கு மாற்றுங்கள். மாற்றும் முறை கீழே உள்ளது.

படம் விட்டு விட்டு ஓடுகிறது

இங்கே முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். தொகுக்கும்போது தெரியும் திணறல் பெரும்பாலும் முன்னோட்டத்தில் மட்டும்தான். பத்து வினாடியை மட்டும் வெட்டி, இறுதிக் கோப்பாக ஏற்றுமதி செய்து பாருங்கள். அது சீராக ஓடினால் காணொளியில் குறையில்லை; கணினியின் வேகம்தான் போதவில்லை.

அப்படியானால் எளிய வழியிலிருந்து தொடங்குங்கள். முன்னோட்டத்தின் தரத்தைப் பாதியாகவோ கால்வாசியாகவோ குறையுங்கள். இறுதிப் படைப்பை இது பாதிக்காது. விரலியிலிருந்து நேரடியாகத் தொகுக்காமல், கோப்பைக் கணினியின் உள் சேமிப்புக்கு மாற்றுங்கள். திறந்து கிடக்கும் இணையப் பக்கங்களை மூடுங்கள்.

அடுத்தது, மென்பொருள் அமைப்பில் வன்பொருள்வழி டீகோடிங் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். இன்டெல் சில்லுகளில் 10 பிட் எச்.265ஐ வன்பொருளிலேயே முழுமையாகக் கையாளும் திறன் ஏழாம் தலைமுறையிலிருந்துதான் வந்தது. அதற்கு முந்தைய கணினி திணறினால் வியப்பில்லை.

இவை எதுவும் உதவாவிட்டால் ‘பிராக்சி’ கைகொடுக்கும். அதாவது, மூலக் காணொளிக்கு ஒரு சிறிய, எளிதான நகலை மென்பொருளே உருவாக்கிக்கொள்ளும். நீங்கள் அந்த நகலை வைத்துத் தொகுப்பீர்கள். ஏற்றுமதியின்போது மூலக் கோப்பு அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிரீமியர் ப்ரோ, டாவின்சி ரிசால்வ், கேடென்லைவ், ஷாட்கட் நான்கிலும் இவ்வசதி உண்டு. 4கே காணொளியில் 1080பியைவிட நான்கு மடங்கு படப்புள்ளிகள் இருப்பதால், 4கேயில் எடுத்தவர்களுக்கு இது பெரிய விடுதலை.

குரலும் உதட்டசைவும் பிரிகின்றன

தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே அளவு விலகல் இருந்தால், ஒலியைச் சற்றே நகர்த்தினால் போதும். நேரம் போகப் போக விலகல் கூடினால் காரணம் வேறு.

திறன்பேசி எப்போதும் வினாடிக்குச் சரியாக 30 சட்டகங்கள் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தாலும் பேசி சூடானாலும் எண்ணிக்கை மாறும். தொகுப்பு மென்பொருள் அதைச் சீரான வேகம் என்று எண்ணிக்கொண்டால் கணக்கு தவறும். சராசரி 29.9 சட்டகம் என்று வைத்துக்கொள்வோம். 10 நிமிடத்தில் 17,940 சட்டகங்கள் இருக்கும். வினாடிக்கு 30 வீதம் ஓட்டினால் அவை 598 வினாடியில் தீர்ந்துவிடும். ஒலியோ 600 வினாடி இருக்கும். இரண்டு வினாடி விலகல்! பேட்டியைக் கெடுக்க அது போதும்.

இதற்குத் தீர்வு, தொகுக்கத் தொடங்கும் முன்பே காணொளியை மாறாச் சட்டக வேகத்துக்கு மாற்றிவிடுவது. ஷாட்கட் இத்தகைய கோப்பைக் கண்டால் தானாகவே மாற்றித் தரட்டுமா என்று கேட்கும், சம்மதியுங்கள்.

நிறம் வெளுத்துப் போகிறது

முகம் வெள்ளையடித்ததுபோல் தெரிந்தால் எச்டிஆர் பதிவுதான் காரணமாக இருக்கும். 2020ல் வந்த ஐபோன் 12 முதல் இது பரவலானது. சாதாரண 8 பிட் காணொளியில் ஒவ்வோர் அடிப்படை நிறத்துக்கும் 256 படிநிலைகள்; 10 பிட் எச்டிஆரில் 1,024. அதைச் சாதாரணக் காணொளிக்கான அமைப்பில் அப்படியே போட்டால் ஒளி எல்லை மீறும். மென்பொருளின் நிற மேலாண்மைப் பகுதியில் ‘டோன் மேப்பிங்’ வசதியை இயக்குங்கள். ஒளியையும் நிறத்தையும் கையால் திருத்துவதைவிட இது நல்ல பலன் தரும்.

கோப்பு திறக்கவே இல்லை

பேசியில் உள்ள கோப்பின் அளவையும் கணினியில் உள்ளதன் அளவையும் ஒப்பிடுங்கள். கணினியில் குறைவாக இருந்தால் மாற்றம் பாதியில் நின்றிருக்கிறது. மறுபடியும் மாற்றினால் தீர்ந்தது. பேசியிலேயே திறக்கவில்லை என்றால், பதிவின்போது மின்கலம் தீர்ந்திருக்கலாம். எம்பி4 கோப்பின் உள்ளடக்க அட்டவணை வழக்கமாகப் பதிவை நிறுத்தும்போதுதான் எழுதப்படுகிறது. அட்டவணை இல்லாவிட்டால் படம் உள்ளே இருந்தும் மென்பொருளால் அதைக் கண்டெடுக்க முடியாது. அதே பேசியில் அதே அமைப்பில் எடுத்த வேறொரு நல்ல கோப்பை மாதிரியாக வைத்து, இத்தகைய கோப்பைப் பழுதுபார்க்கும் மென்பொருள்கள் உண்டு. எப்போதும் நகலிலேயே முயலுங்கள்.

கோப்பை மாற்றுவது எப்படி?

‘ஹேண்ட்பிரேக்’ என்பது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும் இலவச மென்பொருள். அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் பதிவிறக்குங்கள். கோப்பைத் திறந்து, ‘வீடியோ’ பகுதியில் எச்.264 என்பதைத் தேர்ந்தெடுங்கள். சட்டக வேகத்தை நீங்கள் எடுத்த அளவிலேயே வைத்து, ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ என்பதைச் சொடுக்குங்கள். முன்னமைவுகள் பலவற்றில் இது தெரிவு செய்யப்பட்டிருக்காது. பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். தர அளவை 18 முதல் 20 வரை வைக்கலாம்; எண் குறையக் குறையத் தரம் கூடும். புதிய கோப்பு மூலக் கோப்பைவிடப் பெரிதாக இருக்கலாம். அது பிழையல்ல.

முழுக் காணொளியையும் மாற்றுமுன் ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு அமைப்பு தவறு என்று தெரிந்தால், அந்த நேரம் திரும்ப வராது.

பள்ளிவழி பெற்ற கற்றல் சாதனத்தில் விரும்பிய மென்பொருளை நிறுவ இயலாமல் போகலாம். அப்படிப்பட்டவர்கள் பள்ளிக் கணினிக் கூடத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்கலாம். அல்லது, கோளாறே வராதபடி படம் பிடிக்கும்போதே முன்யோசனையாக இருக்கலாம்.

அடுத்த முறை பதிவு பொத்தானை அழுத்துமுன்

ஐபோனில் ‘செட்டிங்ஸ்’, ‘கேமரா’, ‘ஃபார்மட்ஸ்’ என்று சென்று ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் எச்.264ல் பதிவாகும். ‘ரெக்கார்ட் வீடியோ’ பகுதியில் எச்டிஆர், ‘ஆட்டோ எஃப்பிஎஸ்’ இரண்டையும் அணைத்துவிடுங்கள். சாம்சுங் பேசிகளில் ‘ஹை எஃபிஷியன்சி வீடியோ’ என்ற தெரிவு இருந்தால் அதை அணையுங்கள். எச்.264ல் 1080பி, 30 சட்டகத்தில் எடுத்தால் ஐபோனில் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 மெகாபைட் ஆகும். அரை மணி நேரப் பேட்டிக்கு 4 கிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவாகத் தேவைப்படும். அந்த அளவு இடம் பேசியில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். வகுப்பறையில் காட்டப்போகும் படைப்புக்கு 4கே தேவையே இல்லை.

பேட்டிக்கு ஒரு நாள் முன்பு, வீட்டில் இரண்டு நிமிடம் எதையாவது பதிவுசெய்து, கணினிக்கு மாற்றி, தொகுத்து, ஏற்றுமதி செய்து பாருங்கள். மொத்தம் அரை மணி நேரம்தான் ஆகும். குறை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். பேட்டி நாளன்று கோடெக்கைப் பற்றிய கவலையின்றி, எதிரில் இருப்பவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கலாம்.