பூனைக்கும் தீபாவளி பயம்!

தீபாவளி வந்தால் நமக்குக் கொண்டாட்டம், பூனைக்கோ திண்டாட்டம்! சிட்லபாக்கத்தில் ஒரு தெருவில் சரவெடி வெடித்தால் போதும், பக்கத்துத் தெருப் பூனையும் கட்டிலுக்கு அடியில் பதுங்கிவிடும். கூப்பிட்டாலும் வராது, பால்கூட வேண்டாம் அதற்கு.

'பாவம், ஏதாவது மாத்திரை கொடுக்கலாமா?' என்று தோன்றுகிறதா குட்டீஸ்? கூடவே கூடாது! காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் ஒன்றே பூனையின் உயிரைக் குடித்துவிடும். அதன் நஞ்சை முறிக்கும் சக்தி பூனையின் கல்லீரலுக்குப் போதாது. தைலம், கற்பூரமும் ஆகாது.

பயத்தைத் தணிக்கவென்றே பூனைகளுக்குத் தனியாகச் சத்துப் பொருட்கள் உண்டு. பால் புரதத்திலிருந்து ஒன்றைத் தயாரிக்கிறார்கள். தேயிலையில் உள்ள தியானின் இன்னொன்று. (அதற்காக டீயை ஊற்றிவிடாதீர்கள்!) கால்நடை மருத்துவர் எடை பார்த்து அளவு சொல்வார். பெரும்பாலும் பண்டிகைக்குச் சில நாட்கள் முன்பே தொடங்க வேண்டும்.

காலி மனைகளில் முளைக்கும் குப்பைமேனிக்குப் 'பூனைவணங்கி' என்றும் பெயர். பிடுங்கிய வேரின் வாசனைக்குப் பூனை மயங்கிப் புரளும். வேடிக்கைதான், ஆனால் பயத்துக்கு மருந்தல்ல.

அதைவிட அட்டைப்பெட்டி நல்லது! காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளை நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தனர். ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்தவை சீக்கிரமே அமைதியாயின. 2014-இல் வெளியான ஆய்வு இது.

உங்கள் பழைய சட்டையைப் பெட்டிக்குள் விரித்து, ஜன்னலைச் சாத்தி, மூலையில் வையுங்கள். உள்ளே போனதும் இழுக்காதீர்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால், அப்பாவோடு மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.